கதைக்குள் நகரம் எங்கே இருக்கிறது: சென்னைக் கதைகளை வாசிக்க ஒரு செய்முறை

"இந்த நாவலில் சென்னையும் ஒரு பாத்திரமாக வருகிறது" என்று மதிப்புரைகளில் அடிக்கடி பார்க்கிறோம். அதைப் படித்த பிறகு நாவலைப் பற்றியோ சென்னையைப் பற்றியோ புதிதாக ஒன்றும் தெரிந்துவிடுவதில்லை. மெரினா, சென்ட்ரல் மணிக்கூண்டு, பனகல் பார்க் எல்லாம் ஒரு கதையில் வரலாம். அவற்றை எடுத்துவிட்டு வேறு ஊரின் கடற்கரையையும் பூங்காவையும் வைத்தாலும் கதை குலையாமல் நிற்கிறதென்றால், நகரம் அந்தக் கதையைத் தொடவே இல்லை.

நகரம் எழுத்தைத் தொடும் இடம் வேறு. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம், பஸ்ஸுக்கு என்ன காசு, வாடகை கொடுத்தது போக மிச்சம் என்ன, சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள், எழுதியதை எந்தப் பத்திரிகை எத்தனை பக்கத்துக்குள் வாங்கிக்கொள்ளும் என்பவைதான் கதையின் நிகழ்ச்சிகளைத் தீர்மானிக்கின்றன. இவற்றைத் தேடி எடுக்கும் வழி கீழே இருக்கிறது. வாசகர் வட்டம், கல்லூரி வகுப்பு, ஆய்வேடு மூன்றுக்கும் பொருந்தும். வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரம் கூடினால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முடிக்கலாம்.

எந்த நூல்களை எடுப்பது

ஐந்து போதும். ஒரே நகரம், வெவ்வேறு பத்தாண்டுகள். வெளியூரிலிருந்து வந்தவர் எழுதியது ஒன்றாவது, அந்த நகரத்திலேயே வளர்ந்தவர் எழுதியது ஒன்றாவது இருக்கட்டும். ஐந்தாவது நூல், பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் ஓர் எழுத்தாளர் வேறு நகரத்தைப் பற்றி எழுதியதாக இருக்க வேண்டும். பலர் இந்த ஐந்தாவதை விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால், எது நகரத்தால் வந்தது, எது எழுத்தாளரின் சுபாவத்தால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

சென்னைக்கு இந்த வரிசை நன்றாக வேலை செய்யும்: புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' (1943), ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' (1966), அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973), தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' (2018). ஒப்பிட, அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977). அதன் களம் செகந்திராபாத்.

புதுமைப்பித்தன் கதைகள் இணையத்தில் மின்நூல்களாகவே கிடைக்கின்றன. ஆனால், கதை முதலில் எந்த ஆண்டு, எந்தப் பத்திரிகையில் வந்தது என்ற குறிப்புள்ள பதிப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் கதையில் வரும் டிராம் காசுக்கு அர்த்தமே இல்லை.

கணக்குப் புத்தகம்

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொட வேண்டாம். கதை கதையாக உள்ளே இறங்கட்டும். இரண்டாவது வாசிப்பில்தான் வேலை தொடங்குகிறது. நீளமான ஒரு நோட்டில் நெடுக்கில் கோடு போட்டு ஏழு பத்தியாகப் பிரியுங்கள்: இடம், நேரம், காசு, வாகனமும் தூரமும், தண்ணீரும் சாப்பாடும், குரல், கடைசியில் 'இது மாறினால்?' என்று ஒன்று. ஒவ்வொரு பதிவுக்கும் பக்க எண் கட்டாயம்.

முதல் ஆறு பத்திகளில் பிரதியில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும்; ஊகம் கூடாது. "ஏழை" என்று எழுதாதீர்கள். "பையில் இவ்வளவு சில்லறை" என்று எழுதுங்கள். "நெரிசல்" என்று எழுதாதீர்கள். "இரண்டு பஸ் நிற்காமல் போகிறது" என்று எழுதுங்கள். ஊகத்துக்கு இடம் ஏழாவது பத்தி. அங்கே ஒரே கேள்விதான்: இந்த விவரம் வேறு மாதிரி இருந்திருந்தால் அடுத்த சம்பவம் நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். ஒரு சிறுகதையில் முப்பது நாற்பது வரிகள் தேறும். அடித்தது போக ஐந்தாறு நிற்கும். அந்த ஐந்தாறுதான் நகரம்.

நேரப் பத்தியை அலட்சியம் செய்ய வேண்டாம். நகரத்தை மணிவாரியாகச் சொல்லும் பழக்கம் தமிழில் மிகப் பழையது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடிகளில் பகல் கடையான நாளங்காடியையும், மாலைக்குப் பிறகு கூடும் அல்லங்காடியையும், இரவின் யாமங்களையும் வரிசையாகக் காட்டுகிறது. எந்த வேளையில் யார் தெருவில் இருக்கலாம் என்பதை அந்தப் பாட்டு கவனித்த அளவுக்கு நம் இன்றைய விமர்சனம் கவனிப்பதில்லை.

ஒரு கதையைப் பிரித்துப் பார்ப்போம்

கந்தசாமிப் பிள்ளை கதை இதற்கென்றே எழுதினாற்போல இருக்கிறது. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனையில் ஒரு மனிதர் நின்று யோசித்துக்கொண்டிருக்கிறார். கையில் இருக்கும் சில்லறைக்கு எப்படித் திருவல்லிக்கேணி போய்ச் சேருவது என்பதுதான் யோசனை. டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை பாக்கு போட்டுக்கொள்ளலாம். பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்குவதைச் சென்ட்ரல் தாண்டும்வரை தள்ளிப்போட்டால் அரைக் கப் காப்பிக்கு ஆகும். ஆனால் வெற்றிலை கிடையாது.

கணக்குப் புத்தகத்தில் இது மூன்று வரி. இடம்: பிராட்வே முனை. காசு: காலணா மிச்சம், அல்லது அரைக் கப் காப்பி. வாகனம்: டிராம், பஸ். இப்போது ஏழாவது பத்திக்கு வாருங்கள். தூரத்தைப் பொறுத்து ஏறும் கட்டணம் இல்லாமல் ஒரே கட்டணமாக இருந்திருந்தால் கண்டக்டரை ஏமாற்றும் யோசனை எழாது. டிராமும் பஸ்ஸும் ஒரே வழியில் போட்டி போடாவிட்டால் அவர் யோசித்துக்கொண்டு நிற்கவே வேண்டாம். நின்றிருக்காவிட்டால் கடவுள் வந்து அவரிடம் வழி கேட்டிருக்க முடியாது. ஆக, தமிழின் மிகப் பெரிய கதைகளில் ஒன்று காலணா வித்தியாசத்தில் தொடங்குகிறது. சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895. நின்றது 1953 ஏப்ரல். அதற்குப் பிறகு இந்தத் தொடக்கத்தை இப்படியே எழுத வழியில்லை.

அடுத்த பதிவு காப்பி ஹோட்டல். ஊர்ப்புறத்தில் முன்பின் தெரியாத ஒருவர் எதிரே வந்தால் எந்த ஊர், யார் வீட்டுக்கு என்ற விசாரணை முடிந்த பிறகுதான் தண்ணீர் சொம்பு வரும். பட்டணத்து ஹோட்டலில் காசு இருந்தால் முன்பின் தெரியாதவரோடும் ஒரே மேஜையில் உட்காரலாம். கடவுள் வந்து உட்கார்ந்தாலும் பக்கத்து மேஜை திரும்பிப் பார்க்காது. கடவுளை ஓர் அந்நியராக ஏற்று, சந்தேகத்தோடு பேச்சுக் கொடுத்து, கடைசியில் வீட்டுக்கும் கூட்டிப்போக ஒரு நகரவாசிக்குத்தான் முடியும். கதையின் மையக் கற்பனைக்கே இந்த முகமறியாத்தனம் தேவைப்படுகிறது.

மூன்றாவது பதிவு தொழில். பிள்ளை ஒரு சித்த வைத்தியப் பத்திரிகை நடத்துகிறவர். கடவுளிடமே ஆயுள் சந்தா கேட்கிறார். பத்திரிகை அலுவலகங்களும் அச்சகங்களும் நெருங்கிக் கிடந்த ஊரில்தான் இப்படி ஒரு மனிதர் நடமாட முடியும். எழுதியவரும் அந்த ஆண்டுகளில் நாளிதழ் அலுவலகத்தில் பிழைத்தவர் என்பதை இந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் சேர்க்காதீர்கள். வாழ்க்கை வரலாற்றை முதலில் வைத்துவிட்டால், பிரதியில் இல்லாததெல்லாம் இருப்பதுபோலக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

இதோடு அவருடைய 'மகாமசானம்' கதையையும் சேர்த்து வாசித்தால் மறுபக்கம் விளங்கும். மவுண்ட் ரோடு ரவுண்டாணாவில், மாலை நெரிசலில், நடைபாதை ஓரத்தில் ஒரு பிச்சைக்காரர் செத்துக்கொண்டிருக்கிறார். கந்தசாமிப் பிள்ளையைக் கடவுளோடு சிரிக்கவிட்ட அதே முகமறியாத்தனம் இங்கே ஒரு சாவை யாரும் பார்க்காமல் கடந்துபோக விடுகிறது. ஒரு நகரத்தின் ஒரே குணம் ஒருவர் கையிலேயே நகைச்சுவையாகவும் அவலமாகவும் வருவதைக் காட்ட இதைவிட நல்ல ஜோடி தமிழில் இல்லை.

தண்ணீர்

சென்னைக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. குடிநீர் நெடுங்காலம் செங்குன்றம், சோழவரம் ஏரிகளையும் 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்தையும் நம்பியிருந்தது. அவற்றை நிரப்புவது அக்டோபர் முதல் டிசம்பர்வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. அந்த மூன்று மாதம் பொய்த்தால் அடுத்த கோடையில் குழாய் காற்றுதான் விடும். 'தண்ணீர்' நாவலைத் திறப்பதற்கு முன் இந்த ஒரு பத்தியைக் குழுவுக்குச் சொல்லிவிடுங்கள்.

பிறகு, நாவலில் குடம் வரும் இடங்களை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். யார் தூக்குகிறார்கள், எங்கிருந்து, எத்தனை மணிக்கு, வழியில் யாரைப் பார்க்கிறார்கள். நிறைந்த குடம் ஏறக்குறைய 15 லிட்டர். இடுப்பில் அந்தக் கனத்தோடு பேசும் பேச்சு சுருக்கமாகத்தான் இருக்கும். உரையாடல்களின் நீளத்தை அளந்து பாருங்கள்: கையில் குடம் இருக்கும்போது எத்தனை சொல், வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது எத்தனை சொல். வகுப்பில் செய்தால் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை. அசோகமித்திரனின் வறண்ட, சிக்கனமான வசனம் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுவதில் எவ்வளவு அவருடைய நடை, எவ்வளவு அந்தத் தெருவின் சுமை என்று பார்க்க இதுதான் வழி.

அடுத்ததாக, தண்ணீரால் மட்டுமே நடக்கும் சந்திப்புகளைக் கோடு போட்டு இணையுங்கள். ஜமுனா, தங்கை சாயா, டீச்சரம்மா, பக்கத்துத் தெருக்காரர்கள். குழாய் ஒழுங்காக வந்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் வாசலைத் தாண்டி ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள்? கார்ப்பரேஷன் தோண்டிப்போட்ட பள்ளம், குடிநீரில் கலக்கும் சாக்கடை என்று நாவல் அடுக்கும் ஒவ்வொன்றும் யாரையோ யாரோடோ பேச வைக்கிறது. 2019-இல் ஏரிகள் வறண்டபோது இந்த நாவலைத் தீர்க்கதரிசனம் என்று பலர் எடுத்துப் போட்டார்கள். அது வரப்போவதைச் சொன்ன நாவல் இல்லை. அன்றைக்கே நடந்துகொண்டிருந்ததை எழுதியது. தீர்க்கதரிசனம் என்று சொன்னால் 1970களின் தெருவை நாம் பார்க்காமல் விட்டுவிடுவோம்.

சுவரும் குரலும்

கணக்குப் புத்தகத்தில் 'குரல்' என்று ஒரு பத்தி வைத்தோம். ஒவ்வொரு உரையாடலுக்கும் மூன்று குறியில் ஒன்று போடுங்கள்: கிசுகிசுப்பு, சாதாரணப் பேச்சு, கூச்சல். கூடவே, அது யார் காதில் விழக்கூடும் என்றும் எழுதுங்கள்.

ஒண்டுக்குடித்தனம் என்ற ஏற்பாட்டை அறியாத இளையவர்களுக்கு முதலில் அதை விளக்க வேண்டியிருக்கும். ஒரு வீட்டைத் தடுத்து நாலைந்து குடும்பம்; பொதுவாக ஒரு குழாய், ஒரு கக்கூஸ்; தடுப்புச் சுவர் மெல்லியது; வீட்டுக்காரர் பெரும்பாலும் அதே வளாகத்தில். இங்கே ரகசியம் என்பது குரலைத் தணிப்பதைப் பொறுத்தது.

'அக்கினிப் பிரவேச'த்தில் நகரம் இரண்டு முறை வேலை செய்கிறது. முதல் முறை பஸ் ஸ்டாப்பில்: மழை, வராத பஸ், காத்திருக்கும் பெண், வந்து நிற்கும் கார். பஸ் வந்திருந்தால் கதையே இல்லை. இரண்டாம் முறை வீட்டில். காரில் வந்தவன் மகளிடம் உறவுகொண்டுவிட்ட விஷயம் தெரிந்ததும் கொதித்துப்போகும் தாய், பிறகு அதைத் தனக்குள் அடக்கி, மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, விஷயத்தை அங்கேயே முடித்துவிடுகிறாள். ஜெயகாந்தன் பின்னால் எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் தாய் அடக்காமல் கத்திவிடுகிறாள், ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, மகள் கங்காவின் வாழ்க்கை வேறு பாதையில் போகிறது. சிறுகதைக்கும் நாவலுக்கும் உள்ள தூரம் ஒரு கூச்சலின் தூரம். அந்தக் கூச்சலுக்கு அவ்வளவு விலை இருப்பதற்குக் காரணம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் காதுகள். தோட்டம் சூழ்ந்த தனி பங்களாவில் இந்தத் தாயை வைத்துப் பாருங்கள். நாவலின் அடித்தளம் ஆடிப்போகும்.

வாடகையின் இன்னொரு விளைவு தூரம். சம்பளத்துக்கேற்ற வீடு ஊருக்கு ஒதுக்குப்புறத்தில்தான் கிடைக்கும். புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தியான பிரமநாயகம் பிள்ளைக்கும் அவருடைய நோயாளி மனைவிக்கும் நடுவே தினமும் அந்தத் தூரம் கிடக்கிறது. சொந்தபந்தம் தெற்கே, வேலை நகரத்துக்குள், வீடு விளிம்பில். இந்த மூன்றையும் ஒரு தாளில் மூன்று புள்ளியாக வைத்துக் கோடு போட்டால், கதையின் தனிமை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

எழுத்தாளரின் பிழைப்பு

ஒவ்வோர் எழுத்தாளருக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள்: எந்த ஊரிலிருந்து, எந்த வயதில் வந்தார், என்ன வேலை, எங்கே குடியிருந்தார், எந்தப் பத்திரிகையில் எழுதினார். அசோகமித்திரன் 1952-இல் சென்னை வந்து 1966வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். அவருடைய சினிமா நாவலான 'கரைந்த நிழல்க'ளில் நட்சத்திரங்களின் ஒளிக்கு இடம் மிகக் குறைவு. புரொடக்‌ஷன் மேனேஜர், விடியற்காலை ஆட்களைக் கூட்டிவரப் போகும் வண்டி, வராத பணம் இவைதான் முன்னால் நிற்கின்றன. அதைவிட முக்கியமானது வடிவம். ஒரே நாயகனைப் பின்தொடராமல் நாவல் ஆள் மாறி ஆள் போகிறது. ஸ்டூடியோவில் வேலை கை மாறுவதுபோல. நகரத்தின் ஒரு நிறுவனம் நாவலின் கட்டமைப்புக்குள் இறங்கிவிட்ட அரிய உதாரணம் இது.

பத்திரிகையின் பங்கையும் மறக்க வேண்டாம். லட்சக்கணக்கில் விற்ற வார இதழ்களும், சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' போன்ற சிற்றிதழ்களும் ஒரே ஊரில் இருந்துகொண்டு முற்றிலும் வேறான எழுத்தைக் கேட்டன. வாராவாரம் வாசகரைக் காத்திருக்க வைக்க வேண்டிய தொடருக்கும், சில நூறு பேருக்காக அச்சாகும் கதைக்கும் ஒரே அளவுகோல் உதவாது.

வெளியிலிருந்து வந்தவர்கள், உள்ளிருந்தவர்கள்

மேலே சொன்ன மூன்று முன்னோடிகளும் வந்து குடியேறியவர்கள். புதுமைப்பித்தன் திருநெல்வேலிக்காரர், ஜெயகாந்தன் கடலூர்க்காரர், அசோகமித்திரன் செகந்திராபாத்தில் பிறந்தவர். வந்தவர்கள் நகரத்தை வாடகை, தூரம், காசு என்று பார்க்கிறார்கள்; அவர்களுக்கு அது தினமும் தீர்க்க வேண்டிய கணக்கு. அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அந்தக் கணக்கு மூச்சுபோல இயல்பாகிவிட்டிருக்கும். அவர் கண்ணில் படுவது உறவு, பட்டப்பெயர், எந்தச் சந்தில் யாருக்கு என்ன மரியாதை என்பது. 'பேட்டை'யைச் சிந்தாதிரிப்பேட்டையின் நாவலாக வாசிக்கும்போது இந்த வித்தியாசம் முதல் சில பக்கங்களிலேயே தெரியும். 1730களில் நெசவாளர்களுக்காக உருவான குடியிருப்பு அது. கூவம் மூன்று பக்கம் சுற்றிப் போகிறது. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குக் குடியிருப்புகளின் வாழ்க்கை, தியாகராய நகர், மயிலாப்பூர் கதைகளில் கிட்டத்தட்ட கிடையாது. மத்தியதர வர்க்கத்தின் சென்னையையே முழுச் சென்னை என்று எடுத்துக்கொண்டு எத்தனையோ ஆய்வேடுகள் வந்துவிட்டன. இந்தத் தவறு இனியாவது நிற்க வேண்டும். இன்னொரு கோணம் வேண்டுமானால் திலீப்குமாரின் கதைகளில் சவுகார்பேட்டை குஜராத்திக் குடும்பங்களைப் பாருங்கள்.

மொழிக்கும் இங்கேதான் இடம். சென்னைப் பேச்சு வரும் இடங்களில் 'இன்னா', 'இட்டுகினு', 'நாஸ்தா' என்று சொற்களை எண்ணிக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. யார் யாரிடம் பேசும்போது பேச்சு மாறுகிறது என்று பாருங்கள்: வீட்டில் ஒன்று, சர்ச்சில் ஒன்று, ஆபீஸில் ஒன்று. மாறும் இடத்தில் ஒரு எல்லை இருக்கிறது.

ஐந்தாவது நூல்

'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலுக்கும் அதே ஏழு பத்தி. அதன் நாயகன் சந்திரசேகரன் சைக்கிளில் போகிறான், கிரிக்கெட் ஆடுகிறான், லான்சர் பாரக்ஸின் விரிந்த வெளியில் திரிகிறான். அங்கே நெருக்குவது தண்ணீரோ வாடகையோ இல்லை; 1947–48இல் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேருமா என்ற கேள்வியும், தெருவில் எதிரே வருபவர் எந்தத் தரப்பு என்ற பயமும்தான். இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் பொதுவாக இருப்பதைச் சிவப்பிலும், ஒன்றில் மட்டும் இருப்பதை நீலத்திலும் குறியுங்கள். சிவப்பு அசோகமித்திரன். நீலம் நகரம். கூச்சல் போடாத விவரணையும் சின்ன மனிதர்மேல் உள்ள அக்கறையும் சிவப்பில் விழும். பாத்திரங்கள் நகரும் வேகமும் வெளியும் நீலத்தில் விழும்.

நடந்து பார்ப்பது

புதுமைப்பித்தனின் முதல் இரண்டு கதையையும் ஒரே நடையில் முடிக்கலாம். உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, இன்று பிரகாசம் சாலை என்று பெயருள்ள பிராட்வே தொடங்கும் முனைக்கு வாருங்கள். அங்கிருந்து சென்ட்ரல், பல்லவன் சாலை வழியாக அண்ணா சிலை. பழைய ரவுண்டாணா அந்தச் சந்திப்புதான். வாலாஜா சாலையில் திரும்பித் திருவல்லிக்கேணி. மொத்தம் நாலு, நாலரை கிலோமீட்டர். நின்று நின்று போனால் இரண்டு மணி நேரம்.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். மே மாதம் வேண்டாம், நவம்பரை நம்ப முடியாது. எட்டுப் பேருக்கு மேல் போனால் பிராட்வே நடைபாதை தாங்காது. சத்தமாக வாசிப்பதை அங்கே வைக்காதீர்கள், ஒரு சொல்லும் கேட்காது. கதைப் பகுதியைக் கிளம்பும் முன்பே வாசித்துவிட்டு, வழியில் நேரத்தை மட்டும் குறியுங்கள். முனையிலிருந்து சென்ட்ரலுக்கு எத்தனை நிமிடம், அங்கிருந்து வீட்டுக்கு எத்தனை நிமிடம். அலைந்த களைப்போடு அந்த மிச்சத் தூரத்தை நடப்பதா, காலணா கொடுப்பதா என்ற கேள்வியின் கனம் காலுக்குத்தான் தெரியும். பழைய கட்டடங்களைப் படமெடுப்பது இந்த வேலைக்கு உதவாது.

அடிக்கடி தவறுவது

பெயர் மாற்றங்கள் பலரை வழி தப்ப வைக்கின்றன. தொடங்கும் முன்பே ஒரு பட்டியல் எழுதிவையுங்கள்: மவுண்ட் ரோடு அண்ணா சாலை; எட்வர்ட் எலியட்ஸ் ரோடு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை; மௌபரீஸ் ரோடு டி.டி.கே. சாலை. நகரத்தின் பெயரே அதிகாரபூர்வமாக மாறியது 1996-இல்.

காசை இன்றைய ரூபாய்க்கு மாற்றாதீர்கள். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 4 பைசா (12 பை). 1957 ஏப்ரல் 1 முதல்தான் நூறு நயா பைசா. கதைக்குள்ளேயே ஒப்பிடுவதுதான் சரி: டிராம் பயணத்துக்கு எதிரே அரைக் கப் காப்பி, மாதச் சம்பளத்துக்கு எதிரே வாடகை.

இன்றைய வரைபடத்தில் பழைய கதையை வைப்பது இன்னொரு பிழை. 1941 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 1951-இல் பதினான்கு லட்சம், இடையில் எல்லையும் விரிந்தது. அன்று ஊருக்கு வெளியே இருந்த இடம் இன்று நடுவில் கிடக்கிறது. பழைய வரைபடங்களுக்கும் இதழ்களுக்கும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும், எழும்பூர் கன்னிமாரா நூலகத்தையும் நாடலாம்.

எழுதுகிறவர்களுக்கு

இதே நோட்டை உங்கள் தெருவுக்கும் போடலாம். பதினான்கு நாள், தினம் பத்து வரி, அதே ஏழு பத்தி. முடிவில், உங்கள் தெருவில் மனிதர்களை நினைக்காத இடத்துக்கு இழுத்துப்போகும் கட்டாயம் எது என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஷிப்ட் முடிந்து ராஜீவ் காந்தி சாலையில் கேப் பிடிக்கும் நேரம், தண்ணீர் லாரி வரும் நாள், லிப்ட் நின்றுபோன எட்டாவது மாடி, வாடகை வீட்டில் உணவுக்கு விதிக்கும் நிபந்தனை என எதுவாகவும் இருக்கலாம். இரண்டைச் சேர்க்காதீர்கள், கதை தகவலாகிவிடும்.

முதல் வரைவை 1500 சொல்லுக்குள், ஓர் இடப்பெயர்கூட இல்லாமல் எழுதுங்கள். அந்த ஊரை நன்றாக அறிந்த ஒருவரிடம் கொடுத்து, எந்தப் பகுதி என்று கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் இடப்பெயர்களை வேண்டிய இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சொல்ல முடியாவிட்டால் பெயரைச் சேர்த்துச் சமாளிக்க வேண்டாம். நோட்டுக்குத் திரும்பிப் போய், அடிக்காமல் விட்ட வரிகளில் கதைக்குள் வராமல்போனது எது என்று பாருங்கள். பெரும்பாலும் அது காசுப் பத்தியில் இருக்கும்.